பேஸ்மேக்கர், ஐசிடி வைத்தவர்களை ரிமோட் மானிட்டரிங்கிற்குப் பழக்குவது எப்படி? குடும்பத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பேஸ்மேக்கரோ, ஆபத்தான துடிப்பை ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் ஐசிடியோ வைத்துக்கொண்டு டிஸ்சார்ஜ் ஆகிறவர்களில் சிலருக்கு, மருந்துப் பையோடு ரிமோட் மானிட்டரிங்கிற்காக, அதாவது கருவியின் தகவலை வீட்டிலிருந்தே கிளினிக்கிற்கு அனுப்புவதற்காக, ஒரு சின்ன மானிட்டர் பெட்டியும் கொடுப்பார்கள். இப்போது வரும் சில கருவிகளுக்குப் பெட்டி கிடையாது, போனில் ஓர் ஆப் போட்டுக் கொடுப்பார்கள். வீட்டுக்குப் போன பிறகு அந்தப் பெட்டி அட்டையோடு பீரோ மேல் ஏறிவிடுவதும், ஆப் ஒரு வாரத்தில் மறந்துபோவதும் உண்டு. கேட்டால், "அது எதுக்குன்னு யாரும் சரியா சொல்லலையே" என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டிஸ்சார்ஜ் அன்று பில், மருந்து, கார் ஏற்பாடு என்று ஆயிரம் அவசரம். அந்த நேரத்தில் இரண்டு நிமிடத்தில் சொன்ன விஷயம் யார் மனதிலும் நிற்காது.

எழுபது வயது அப்பாவோ அம்மாவோ வேண்டாம் என்று தள்ளினால் அதைப் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் விஷயம் போய்ச் சேரவில்லை என்பதுதான் காரணம். சேர்க்க வேண்டியது மருத்துவமனையின் பொறுப்பு. ஆனால் அதைத் தினசரிப் பழக்கமாக்குவது வீட்டில்தான் நடக்கும் என்பதால் மகன், மகள், மருமகளுக்கு இந்த வழிகாட்டி.

முதலில்: இது என்ன செய்கிறது?

நெஞ்சில் இருக்கும் கருவி துடிப்பைத் தருவதோடு நிற்பதில்லை. பேட்டரியில் எவ்வளவு மிச்சம், இதயத்துக்குள் போகும் லீட் வயரின் மின்தடை சரியாக இருக்கிறதா, எத்தனை சதவீதத் துடிப்பு கருவியால் வந்தது, நடுவில் துடிப்பு தாறுமாறானதா, ஐசிடி என்றால் ஷாக் கொடுத்ததா என்பதையெல்லாம் அது பதிவு செய்துகொண்டே இருக்கிறது. ரிமோட் மானிட்டரிங் இல்லாவிட்டால், நீங்கள் ஓபிக்குப் போய், டெக்னீஷியன் கருவியைப் படிக்கும் புரோகிராமரை நெஞ்சின் மேல் வைக்கும்வரை இந்தத் தகவல் உள்ளேயே கிடக்கும்.

பெட்டி படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தால், பெரும்பாலும் இரவில் தூங்கும் நேரத்தில், கருவியிலிருந்து இதையெல்லாம் வாங்கி மொபைல் நெட்வொர்க் வழியாகக் கம்பெனியின் சர்வருக்கு அனுப்பிவிடும். கிளினிக்கில் இருப்பவர்கள் அதைத் திறந்து பார்ப்பார்கள். மெட்ட்ரானிக்கின் கேர்லிங்க், அபாட்டின் மெர்லின், பாஸ்டன் சயின்டிஃபிக்கின் லாடிட்யூட், பயோட்ரானிக்கின் ஹோம் மானிட்டரிங் எல்லாம் இந்த வகைதான். ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொரு கம்பெனியின் கருவியைப் படிக்காது. பக்கத்து வீட்டில் சும்மா கிடக்கும் பெட்டியை இரவல் வாங்கிப் பயனில்லை.

உண்மையிலேயே பலன் உண்டா?

ஐசிடி வைத்த 1339 பேரிடம் அமெரிக்காவில் நடந்த டிரஸ்ட் ஆய்வு 2010-ல் வெளிவந்தது. துடிப்புக் கோளாறு ஏற்பட்டதிலிருந்து மருத்துவர் அதைப் பார்ப்பதற்கு, வழக்கமான செக்கப் மட்டும் செய்துகொண்டவர்களுக்கு இடைநிலைக் கணக்கில் 36 நாள் ஆனது. ரிமோட்டில் இருந்தவர்களுக்கு 2 நாளுக்கும் குறைவு. மருத்துவமனைக்கு நேரில் போக வேண்டிய செக்கப்புகளும் 45 சதவீதம் குறைந்தன.

2014-ல் லான்செட் இதழில் வந்த இன்-டைம் ஆய்வில் இருந்தவர்கள் இதயச் செயலிழப்போடு ஐசிடி அல்லது சிஆர்டி-டி (இதயத்தின் இரு பக்கத்தையும் ஒன்றாகத் துடிக்கவைக்கும் ஐசிடி வகை) வைத்த 664 பேர். ஓராண்டில் ரிமோட் பிரிவில் 10 மரணம், மற்ற பிரிவில் 27.

இங்கே நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். இங்கிலாந்தில் 1650 பேரிடம் நடந்து 2017-ல் வெளிவந்த ரெம்-ஹெச்எஃப் ஆய்வில், வாரத்துக்கு ஒருமுறை தகவலை எடுத்துப் பார்த்ததால் உயிரிழப்பு குறையவில்லை. என் பார்வையில் இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். தகவல் தினமும் போக வேண்டும், போன தகவலைப் பார்த்து ஒருவர் உடனே போன் எடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பெட்டி வெறும் பெட்டிதான். அதனால்தான் கீழே கிளினிக்கைக் கேள்வி கேட்கும் படியை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

படி 1: ஐடி கார்டை எடுத்துப் பாருங்கள்

கருவி வைத்தவுடன் ஒரு சின்ன அட்டை தருவார்கள். கம்பெனி, மாடல், சீரியல் எண், வைத்த தேதி எல்லாம் அதில் இருக்கும். எல்லாப் பேஸ்மேக்கருக்கும் ரிமோட் வசதி கிடையாது, மாடலைப் பொறுத்தது. அட்டையைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டு வையுங்கள். அட்டை தொலைந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள், அதிலும் இல்லையென்றால் வைத்த மருத்துவமனையில் கேளுங்கள். ஆபரேஷன் இனிமேல்தான் என்றால் இன்னும் நல்லது. "இந்த மாடலில் ரிமோட் மானிட்டரிங் வருமா? பெட்டிக்குத் தனிச் செலவா? பாக்கேஜில் அடங்குமா?" என்று முன்பே கேட்டுவிடலாம். காப்பீட்டுத் திட்டத்தில் வைப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

படி 2: உட்கார்ந்து பேசுங்கள்

இந்தப் படிக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால், அவசரமில்லாத ஒரு சாயங்காலம் பாருங்கள். முதலில் அவர் என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

"எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையேம்மா. நல்லாத்தானே நடக்கிறேன். இது எதுக்கு?"

"நல்லாத்தான் இருக்கீங்கப்பா. ஆனா வண்டியை சர்வீஸுக்கு விட்டுட்டு வந்தா, அடுத்த சர்வீஸ் வரைக்கும் டயர்ல காத்தே பாக்காம ஓட்டுவீங்களா? வயர்ல சின்னதா ஒரு கோளாறு வந்தா உங்களுக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியும். நீங்க தூங்கினா போதும், வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

அவருக்கு எது முக்கியமோ அதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். பஸ் ஏறி மருத்துவமனைக்குப் போய் வரிசையில் உட்காருவதுதான் கஷ்டம் என்றால், அந்த நடை குறையலாம் என்று சொல்லுங்கள். தனியாக இருக்கிறோமே என்ற பயம் என்றால் அதற்கேற்றபடி பேசுங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு பலருக்கு எந்த அறிகுறியும் காட்டாமல் வந்து, பக்கவாதம் வரை கொண்டுபோகக்கூடியது. அதைக் கருவி பிடித்துவிடும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து வேண்டுமா என்பதை மருத்துவர் உரிய நேரத்தில் முடிவு செய்யலாம். "ஒண்ணும் பண்ணல" என்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் இல்லை.

அடுத்து வரும் பயங்களுக்கும் பதில் தயாராக இருக்கட்டும்.

"நான் பேசுறதையெல்லாம் கேப்பாங்களா? எங்க போறேன்னு பாப்பாங்களா?" பெட்டியில் கேமராவும் இல்லை, பேச்சைப் பதிவு செய்யும் வேலையும் இல்லை. போவது இதயக் கருவியின் கணக்கு மட்டும். ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: சில ஆண்ட்ராய்டு போன்களில் ப்ளூடூத் தேடுவதற்கே லொகேஷன் அனுமதி கேட்கும். அந்த வரியைப் பார்த்ததும் "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று சிலர் ஆப்பை மூடிவிடுவார்கள்.

"கதிர்வீச்சு வராதா?" கருவி பேசுவது மிகக் குறைந்த சக்தி ரேடியோ அலையில். மருத்துவக் கருவிகளுக்கென்றே ஒதுக்கிய 402 முதல் 405 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலோ, குறைந்த சக்தி ப்ளூடூத்திலோதான் பேசும். காதில் வைத்துப் பேசும் மொபைலின் சக்தி இதைவிடப் பல மடங்கு அதிகம். சொல்லப்போனால் போனைத்தான் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். சட்டையின் இடது பையில் போடும் பழக்கத்தை மாற்றச் சொல்லுங்கள்.

"பேட்டரி சீக்கிரம் தீந்துடுமே?" வழக்கமான இரவு அனுப்பலுக்கு ஆகும் செலவு சொற்பம், அதைக் கணக்கில் வைத்துத்தான் கருவியைச் செய்கிறார்கள். ஆனால் பதற்றத்தில் தினமும் பலமுறை கையால் அனுப்பிப் பார்ப்பது வேண்டாத செலவு.

"யாராவது ஹேக் பண்ணி நிறுத்திட்டா?" இது வெறும் சினிமா பயம் என்று ஒதுக்கக் கூடாது. அமெரிக்கத் துணை அதிபராக இருந்த டிக் செய்னி 2007-ல் தன் ஐசிடியின் வயர்லெஸ் வசதியையே முடக்கச் செய்தார். 2017-ல் அபாட்டின் சில பேஸ்மேக்கர்களில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதாக அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அறிவித்து, அந்நாட்டில் சுமார் 4,65,000 கருவிகளுக்கு மென்பொருள் திருத்தம் வந்தது. அதனால் நோயாளி யாருக்கும் தீங்கு நேர்ந்ததாகத் தகவல் இல்லை என்றும் எஃப்டிஏ சொன்னது. இதை மறைக்காமல் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: பேஸ்மேக்கரிலும் ஐசிடியிலும் இந்தப் பெட்டி தகவலைப் படிக்கத்தான் செய்கிறது. செட்டிங்கை மாற்ற வேண்டுமென்றால் கிளினிக்கில் நேரில்தான் மாற்றுவார்கள்.

எல்லாம் கேட்ட பிறகும் வேண்டாம் என்றால் அது அவருடைய முடிவு. அவருக்குத் தெரியாமல் கட்டிலுக்கடியில் செருகி வைப்பது கூடவே கூடாது. உடம்பும் அவருடையது, தகவலும் அவருடையது. அடுத்த செக்கப்பில் டெக்னீஷியன் முன்னால் மறுபடி பேசிப் பாருங்கள். அதே கருவி வைத்து ரிமோட்டில் இருக்கும் இன்னொருவர் சொன்னால் சிலர் உடனே கேட்பார்கள்.

படி 3: கிளினிக்கைக் கேள்வி கேளுங்கள்

கூச்சப்படாமல் கேட்க வேண்டிய இடம் இது. அலர்ட் வந்தால் யார் பார்ப்பார்? ஞாயிறு, தீபாவளி, பொங்கல் விடுமுறையில் பார்ப்பார்களா, அல்லது அடுத்த வேலை நாளில்தானா? எந்த எண்ணிலிருந்து கூப்பிடுவார்கள்? பெட்டி தொடர்பு விட்டுப்போனால் நமக்குச் சொல்வார்களா? மாதமோ வருடமோ கட்டணம் உண்டா? பதில்களைத் தாளில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டி வையுங்கள்.

"அலர்ட் வந்தா பாத்துக்கலாம் சார்" என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள், ஒரு பெயரும் ஒரு எண்ணும் வாங்கிக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். கருவி வைத்த எல்லோருக்கும் இந்த வசதியை முன்வைக்க வேண்டும் என்று அமெரிக்காவின் ஹார்ட் ரிதம் சொசைட்டி 2015-லேயே பரிந்துரைத்துவிட்டது. நீங்கள் கேட்பது சலுகை அல்ல.

படி 4: பதிவும் ஒப்புதலும்

படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். தகவல் எந்த சர்வருக்குப் போகிறது, யார் பார்க்கலாம் என்பது அதில் இருக்கும். படித்துக் காட்டச் சொல்லுங்கள். தொடர்பு எண்ணாக, துபாயிலோ டொரன்டோவிலோ இருக்கும் மகனின் எண்ணை மட்டும் கொடுக்காதீர்கள். அரை மணி நேரத்தில் வீட்டுக் கதவைத் தட்டக்கூடிய ஒருவரின் எண் கட்டாயம் வேண்டும். கிளினிக் எண்ணை நோயாளியின் போனில் பெயரோடு சேமியுங்கள். தெரியாத எண் என்றால் லோன்காரர்கள் என்று வெட்டிவிடும் பழக்கம் இன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது. முக்கியமான அழைப்பும் அதோடு போய்விடக் கூடாது.

இதெல்லாம் டிஸ்சார்ஜுக்கு முன்பே முடிந்தால் சிறப்பு. தள்ளிப்போனாலும் கருவி வைத்த இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

படி 5: பெட்டியை எங்கே வைப்பது?

தலைமாட்டுப் பக்கம், படுக்கையிலிருந்து சுமார் 3 மீட்டருக்குள். ஹால் ஷோகேஸில் டிவிக்குப் பக்கத்தில் அழகாக வைத்தால் வேலை செய்யாது.

நம் வீடுகளில் வரும் உண்மையான சிக்கல் ப்ளக் பாயிண்ட். படுக்கையறையில் இருப்பது ஒரே ஒரு பாயிண்ட். அதில் கொசு லிக்விட், போன் சார்ஜர், மானிட்டர் மூன்றும் போட்டியிடும். ராத்திரி கொசு கடித்தால் எது கழற்றப்படும் என்று சொல்லத் தேவையில்லை. நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வாங்கி, மானிட்டர் செருகிய இடத்தில் டேப் ஒட்டி "அப்பாவோட இதய மிஷின், கழட்டாதீங்க" என்று எழுதுங்கள். கூட்டிப் பெருக்க வருகிறவருக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சுவிட்சை அணைத்துவிட்டுப் படுக்கும் பழக்கமுள்ள வீடு என்றால் சுவிட்சுக்கும் டேப்.

வெயில் காலத்தில் சிலர் படுக்கையறையை விட்டு ஹாலில் பாய் விரித்துப் படுப்பார்கள். பெட்டியும் கூடவே போக வேண்டும். கிராமத்தில் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ தூங்குகிறவர்கள் கிளினிக்கில் இதைச் சொல்லிவிட வேண்டும். மாலையில் டிவி பார்க்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துக் கையால் அனுப்புவது போன்ற மாற்று வழியை அவர்கள் சொல்வார்கள்.

கரண்ட் போனால் பயப்பட வேண்டாம். தகவல் கருவிக்குள்ளேயே இருக்கும், கரண்ட் வந்ததும் பெட்டி மறுபடி முயற்சி செய்யும். சிக்னல் வீக்கான வீட்டில் ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள்.

செருகியதும் முதல் அனுப்பலைக் கையால் செய்துவிடுங்கள். சில மாடலில் ஒரு பொத்தான், சிலவற்றில் சின்ன ரீடரைத் துணியின் மேலாகக் கருவிக்கு நேரே பிடிக்க வேண்டும். விளக்கோ குறியோ சரி என்று காட்டினாலும் அதோடு விடாமல் கிளினிக்கிற்குப் போன் செய்து "வந்ததா?" என்று கேளுங்கள். வந்தது என்று அவர்கள் வாயால் கேட்ட பிறகுதான் இந்தப் படி முடிந்தது.

படி 6: ஆப் என்றால்

போனில் ப்ளூடூத்தும் இன்டர்நெட்டும் எப்போதும் ஆனில் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி ஆப்டிமைசேஷனை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் போனே அதைத் தூங்க வைத்துவிடும். போன் மெதுவாக இருக்கிறதே என்று எல்லா ஆப்பையும் ஸ்வைப் செய்து மூடுவது பெரியவர்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்த பழக்கம். இந்த ஒன்றை மட்டும் மூடக் கூடாது என்று காட்டிக்கொடுங்கள். ரீசார்ஜ் தேதியை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். போன் மாற்றினால் புதுப் போனில் மறுபடி இணைக்க வேண்டும், பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன்பே. பேரன் கேம் விளையாடும் போனில் இந்த ஆப் வேண்டாம்.

படி 7: முதல் மாதம்

பெட்டி பேசாது, கிளினிக்கும் கூப்பிடாது. "வேலை செய்யுதா இல்லையா ஒண்ணும் தெரியலையே" என்று ஆர்வம் விட்டுப்போவது இந்தக் கட்டத்தில்தான். அழைப்பு வராவிட்டால் பொதுவாக எல்லாம் சரி என்று அர்த்தம், ஆனால் தொடர்பே அறுந்திருந்தாலும் அழைப்பு வராமல் போகலாம். அதனால் மாதத்துக்கு ஒருநாள், பென்ஷன் எடுக்கும் நாளோ அமாவாசையோ, பெட்டியின் விளக்கையோ ஆப்பின் நிலையையோ பார்த்துவிடும் பழக்கத்தை உண்டாக்குங்கள். முதல் அறிக்கை போனதும் "உங்க பேட்டரி நல்லா இருக்காம்பா" என்று கிளினிக்கில் கேட்டு வந்து சொல்லுங்கள். தன் தகவலுக்குப் பதில் வருகிறது என்று தெரிந்தவர் ப்ளக்கைக் கழற்ற மாட்டார்.

படி 8: அவசரத்துக்கு இது இல்லை

இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பெட்டி ஆம்புலன்ஸைக் கூப்பிடாது. இரவு இரண்டு மணிக்குப் போன தகவலைக் காலையிலோ அடுத்த வேலை நாளிலோதான் ஒருவர் பார்க்கலாம். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத் திணறல் என்றால் பெட்டிப் பக்கமே போகாமல் 108-ஐ அழையுங்கள். இலங்கையில் 1990.

ஐசிடி உள்ளவர்களுக்கு: ஒரே ஒரு ஷாக் வந்து, பிறகு உடம்பு சாதாரணமாக இருந்தால், அன்றே கிளினிக்கிற்குப் போன் செய்து கையால் ஓர் அனுப்பல் செய்யுங்கள். 24 மணி நேரத்துக்குள் இரண்டாவது ஷாக் வந்தாலோ, ஒரு ஷாக்குக்குப் பிறகே உடம்பு சரியில்லை என்றாலோ நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். ஷாக் வரும்போது தொட்டுக்கொண்டிருப்பவருக்குச் சின்னதாகச் சுரீர் என்று இருக்கலாம், ஆபத்தில்லை. பிடித்துக்கொள்ளப் பயப்பட வேண்டாம்.

கிளினிக்கிலிருந்து அழைப்பு வந்தாலும் பதற வேண்டாம். பேட்டரி மாற்றும் நிலையை எட்டிவிட்டது என்றால் அன்றே நின்றுவிடும் என்று பொருளில்லை. பொதுவாக அந்த எச்சரிக்கைக்குப் பிறகு சுமார் 3 மாத அவகாசம் வைத்தே வடிவமைத்திருப்பார்கள். லீட் வயரில் கோளாறு என்றால் மட்டும் சொன்ன நாளிலேயே போய்விடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

படி 9: ஊருக்குப் போகும்போது

இரண்டு நாள் கல்யாணத்துக்குப் பெட்டியைத் தூக்க வேண்டியதில்லை. மகள் வீட்டில் ஒரு மாதம் என்றால் கட்டாயம் கூடவே போக வேண்டும். வெளிநாடு என்றால் அந்த நாட்டில் பெட்டியின் சிம் வேலை செய்யுமா என்று கிளினிக்கில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். விமானத்தில் கைப்பையில் வையுங்கள். ஐடி கார்டும் அதோடு இருக்கட்டும்.

படி 10: நேரில் போவது நிற்காது

ரிமோட்டில் இருக்கிறோமே என்று செக்கப்பை விட்டுவிடக் கூடாது. தையல் போட்ட இடத்தைப் பெட்டி பார்க்காது, செட்டிங்கையும் மாற்றாது. வருடத்துக்கு ஒருமுறையாவது நேரில் என்பது 2015 பரிந்துரை. தொடர்பு விடாமல் இருந்து, வேறு பிரச்சினையும் இல்லையென்றால் 2 ஆண்டு வரைகூட நீட்டிக்கலாம் என்று 2023-ல் பன்னாட்டு இதயத்துடிப்பு அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட ஆவணம் சொல்கிறது. உங்கள் மருத்துவர் சொல்லாமல் நீங்களாக நீட்டிக்காதீர்கள்.

மருத்துவமனையை மாற்றினால், பழைய கிளினிக் தங்கள் கணக்கிலிருந்து நோயாளியை விடுவித்தால்தான் புது இடத்தில் சேர்க்க முடியும். அதை எழுதிக் கேளுங்கள், இரண்டு பக்கமும் போன் செய்து மாறிவிட்டதா என்று உறுதி செய்யுங்கள். நோயாளி இறந்துவிட்டால், தகனம் என்றால் கருவியை முன்பே எடுத்துவிட வேண்டும், வெப்பத்தில் பேட்டரி வெடிக்கும். மருத்துவமனையிலும் மயானத்திலும் தவறாமல் சொல்லுங்கள். கிளினிக்கிற்கும் தகவல் போகட்டும், இல்லாவிட்டால் தொடர்பு இல்லையே என்று அழைப்பு வரும்.

பேட்டரி தீர்ந்து புதுக் கருவி வைக்கும்போது பழைய பெட்டி அதோடு பேசாமல் போகலாம். கம்பெனியே மாறியிருந்தால் நிச்சயம் பேசாது. புதுக் கருவியின் சீரியல் எண்ணைப் பதிவு செய்து, அதற்குரிய பெட்டியையோ ஆப்பையோ டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.